நாப்கின் வாங்க வராத பிள்ளைகள்

தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு பள்ளிப் பிள்ளைக்கு நாள் தள்ளிப்போயிருப்பதை எங்களுக்கு முதலில் காட்டிக்கொடுப்பது புதுயுகம் திட்டத்தில் தரும் இலவச நாப்கின்தான். எப்போதும் ஓடிவந்து வாங்குகிற பிள்ளை, "வீட்ல இருக்குது நர்ஸம்மா, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று முகத்தைத் திருப்பினால், அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்விடுவோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. எங்களையும் காய்ச்சல் கணக்கெடுக்கவும், தனிமைப்படுத்திய வீடுகளைக் கண்காணிக்கவும், பிறகு தடுப்பூசி முகாமுக்கும் இழுத்துக்கொண்டார்கள். இடையில் சில வாரம் திறந்து மூடியதை விட்டுவிட்டால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கியது 2021 செப்டம்பர் 1 முதல்தான். பதினைந்து வயதுப் பிள்ளையைத் தினமும் பார்த்த டீச்சரும் இல்லை, மாதாமாதம் பார்த்த நானும் இல்லை.

அந்த ஒன்றரை வருடத்தில் கல்யாணச் செலவு குறைந்துபோனது. ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது தொற்றைத் தடுக்கப் போட்ட உத்தரவு. ஊரில் அதற்கு வேறு கணக்கு: மண்டபம் வேண்டாம், பந்தி வேண்டாம், சீர்செனத்தி கேட்க ஆள் இல்லை. "இப்பவே முடிச்சா கடனில்லாம முடிஞ்சிரும் நர்ஸம்மா. பள்ளிக்கூடம் எப்ப தொறக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்று ஒரு தாய் என்னிடமே கேட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெங்களூரில் கட்டட வேலை நின்று புருஷன் வீட்டில் இருந்தார். அந்தத் தாய் நூறுநாள் வேலைக்குப் போனால் மகள் வீட்டில் என்ன செய்கிறாள், ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய போனில் யாரோடு பேசுகிறாள் என்ற பயம்.

கல்யாணம் முடித்துவைத்த அந்த மகளை என்னிடம் கூட்டிவந்தபோது, கர்ப்பத்தில் ஐந்தாம் மாதம் முடிந்திருந்தது. எடை முப்பத்தெட்டு கிலோ. ஹீமோகுளோபின் எட்டுகூட இல்லை. பள்ளியில் வாராவாரம் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை நின்றே ஒரு வருடம் ஆகியிருந்தது. கர்ப்பத்தைப் பதிவு செய்ய ஆதார் கேட்டேன். பிறந்த தேதியின் மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு அட்டையை நீட்டினார் மாமியார். அந்தப் பிள்ளை யார் முகத்தையும் பார்க்காமல், சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதம் கூட்டிவராததற்குக் காரணம் போலீஸ் பயம். பதினெட்டு வயது நிரம்பாதவள் கர்ப்பமாக வந்தால் போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியாக வேண்டும். சட்டம் தேவைதான். ஆனால் அந்தப் பயத்தில் கண்ணுக்குத் தப்பிப்போகிற பிள்ளைக்குத்தான் பிரசவத்தில் வலிப்பு வருகிறது, எடை குறைந்த குழந்தை பிறக்கிறது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குள் தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள் 2015-16இல் 5 சதவீதம், 2019-21இல் 6.3 சதவீதம். நாடு முழுக்க இந்த விகிதம் குறைந்தபோது இங்கே ஏறியிருக்கிறது. கொரோனாதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. கணக்கெடுப்பில் ஒரு பகுதி ஊரடங்குக்கு முன்பே முடிந்துவிட்டது. கென்யாவின் சியாயா பகுதி ஆய்வு இன்னும் தெளிவானது: கொரோனாவால் ஆறு மாதம் பள்ளி இல்லாமல் இருந்த மாணவிகள் படிப்பு முடியுமுன் கர்ப்பமாகும் அபாயம், முந்தைய மாணவிகளைவிட இரண்டு மடங்கு. அமெரிக்காவிலோ பதின்வயதுப் பிரசவங்கள் 2020இலும் குறைந்தன. வைரஸ் ஒன்றுதான். பள்ளி மூடினால் பிள்ளைக்கு வேறு என்ன காவல் மிச்சமிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

சியரா லியோனில் 2014இல் எபோலா வந்தபோதும் பள்ளிகளை மாதக்கணக்கில் மூடினார்கள். மீண்டும் திறந்தபோது, கர்ப்பமான மாணவிகள் வகுப்புக்கு வரக்கூடாது என்று தடை போட்டார்கள். அந்தக் கொடுமையை நீக்க 2020 மார்ச் வரை ஆனது. ஆனால் அதே நாட்டில், பெண்பிள்ளைகள் கூடிப் பேச ஒரு இடமும் பார்த்துக்கொள்ள ஒரு அக்காவும் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததாக ஆய்வு சொல்கிறது.

அதைத்தான் நானும் கேட்கிறேன். அடுத்த தொற்று வரும்போது வகுப்பை மூட வேண்டியிருந்தால் மூடுங்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் படிக்கும் பெண்பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக வாரம் ஒரு நாள் பள்ளி வராந்தாவுக்கு வரவழையுங்கள். முட்டையும் மாத்திரையும் நாப்கினும் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள், பெற்றோரிடம் வேண்டாம். வராதவள் வீட்டுக்கு அன்றைக்கே ஒரு செவிலியர் போகட்டும். அந்தச் செவிலியரை வேறு எந்தக் கணக்கெடுப்புக்கும் அனுப்பாதீர்கள்.