தண்டனை முதலில், விதி பிறகு

அவர்கள் கடை, அவர்கள் இஷ்டம். பிடிக்காதவரை வெளியேற்றுவார்கள் என்று சமூக ஊடக நிறுவனங்களைப் பற்றிப் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ட்விட்டர் கதையைப் பார்ப்போம். அதன் சொந்த ஐபோன் செயலி வந்ததே 2010இல்தான், அதுவும் ட்வீட்டி என்ற வெளியார் செயலியை விலைக்கு வாங்கி. ட்விட்டரிஃபிக் என்ற இன்னொரு வெளியார் செயலியோ 2007இலேயே வந்துவிட்டது. பறவைச் சின்னத்தைக்கூட முதலில் வைத்தது அதுதான்.

2023 ஜனவரி 12 இரவு இத்தகைய வெளியார் செயலிகள் முன்னறிவிப்பின்றி முடங்கின. சில நாள் மௌனம். பிறகு, நெடுநாள் விதிகளைத்தான் அமல்படுத்துகிறோம் என்றது ட்விட்டர்; எந்த விதி என்று மட்டும் சொல்லவில்லை. ட்விட்டருக்கு மாற்றான செயலியை உருவாக்கக் கூடாது என்ற வரி, செயலி உருவாக்குபவர்களுக்கான ஒப்பந்தத்தில் ஏறியதே 19ஆம் தேதிதான்!

கடைக்காரருக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செயலிகளுக்குச் சந்தா கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் சுமை விழுந்தது ட்விட்டர் தலையில் அல்ல, அவற்றை உருவாக்கிய சிறு நிறுவனங்களின் தலையில்.