மேலே நிற்க வேண்டிய மூன்று

1000 ரூபாயை வருடத்துக்கு 10% கூட்டு வட்டிக்குப் போட்டால், மூன்று வருடத்தில் எவ்வளவு ஆகும்? 1000(1.1)³. விடை 1331 ரூபாய். அதே 3 கொஞ்சம் கீழே இறங்கி மற்ற இலக்கங்களோடு ஒரே வரியில் நின்றால் 1000(1.1)3. விடை 3300 ரூபாய். ஒரு இலக்கமும் மாறவில்லை. இடம் மட்டும்தான் மாறியது.

இது கற்பனைக் கணக்கு இல்லை. அம்பிட்டியவில் சாதாரண தரப் பிள்ளைகளுக்காக நாங்க நடத்தும் ஞாயிறு வகுப்பில் நடந்தது. வினாத்தாளை நாங்கதான் ரைப் பண்ணினோம். காசை மிச்சம் பிடிக்க, இரண்டு பக்கத்தை ஒரு பக்கமாக்கித் தரச்சொல்லி கொமினிகேஷனில் கொடுத்தோம். அங்கே எல்லாவற்றையும் வேறு ஃபைலுக்குக் கொப்பி பண்ணி, எழுத்தை மட்டும் ஒட்டினார்கள். மேலே நின்ற 3 கீழே விழுந்தது. நாங்களும் பார்க்காமல் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்தோம். ஒரு தங்கச்சி 3300 என்று எழுதியிருந்தா. பிழை என்று சிவப்பில் கோடு போட்டபோது அவ கேட்டா: "பேப்பர்ல அப்பிடித்தானே அண்ணே இருக்கு?"

பதில் இல்லை. அவ சரியாகத்தான் வாசித்திருக்கிறா. பிழையாக எழுதியது நாங்க.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "விஷயம்தானே முக்கியம், ஃபோர்மட் எல்லாம் அழகுக்கு." கட்டுரைக்கு அது ஓரளவு பொருந்தலாம். சமன்பாட்டுக்குப் பொருந்தாது. சமன்பாட்டில் இடம்தான் இலக்கணம். இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை எடுங்க. பின்னக் கோடு முழுவதுக்கும் கீழே ஓடினால், மூலங்கள் 2, 3 ஆக வரும் ஒரு கணக்கில், அதே கோடு வர்க்கமூலத்துக்குக் கீழே மட்டும் ஓடினால் 4.5, 5.5 என்று வரும். கோட்டின் நீளத்தில் ஒரு பிள்ளையின் புள்ளி தொங்குது.

இன்னொரு பதில்: "படமா எடுத்து ஒட்டிடு." அதையும் செய்து பார்த்தோம். ஒட்டிய படம் எழுத்துக்கு முன்னால் மிதக்கிற மாதிரி வைக்கப்பட்டிருந்தால், மேலே ஒரு வரி கூடினதும் சமன்பாடு பக்கத்து வசனத்தின் மேலே ஏறி உட்காரும். அடுத்த வருடம் 10% ஐ 12% ஆக்கவும் முடியாது, திரும்பப் படம் பிடிக்க வேண்டும். போட்டோகொப்பிக்குப் போட்டோகொப்பி எடுக்கும்போது கழித்தல் குறிதான் முதலில் காணாமல் போகும்.

தமிழில் ரைப் பண்ணுகிற எங்களுக்கு ஒரு மேலதிக தொல்லையும் இருக்கு. பாமினி எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கு. முழுப் பக்கத்தையும் தெரிவுசெய்து பாமினிக்கு மாற்றினால், சும்மா அடித்து வைத்த எக்ஸ் 'ஒ' ஆகும், வை 'ல' ஆகும். இன்றைக்கும் பாமினி ஃபைல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் இதை யோசித்திருக்கிறார்களா? பழைய டொக் வடிவில்தான் அனுப்ப வேண்டும் என்கிறவர்களுக்கும் அதே கேள்வி. அந்த வடிவில் சேமித்தால் வேர்டின் சமன்பாடுகள் படமாக மாறிவிடும், அப்படி இருக்கும்வரை திருத்த முடியாது.

எங்க கலைப்பீட நண்பர்களோடும் ஒரு சண்டை இருக்கு. "நாங்க ஆர்ட்ஸ், சமன்பாடு எங்களுக்கு எதுக்கு?" பொருளியலில் கேள்வி நெகிழ்ச்சி படிக்கிறது யார்? புவியியலில் நியமவிலகல் கணிக்கிறது யார்? அளவையியலில் குறியீடு எழுதுகிறது யார்? ஆய்வுக் கட்டுரையில் சமன்பாட்டை நடுவுக்குக் கொண்டுவர ஸ்பேஸ் பாரை நாற்பது தடவை தட்டுகிறதும் நாங்கதான். எழுத்துருவைக் கொஞ்சம் பெரிதாக்கினதும் அந்த நாற்பது தட்டும் வீண்.

டொனால்ட் குனூத் என்ற கணினி விஞ்ஞானி 1977இல் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கான அச்சுப்படியைப் பார்த்தார். கணிதம் அச்சாகியிருந்த விதம் பிடிக்கவில்லை. தானே டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார். அவ்வளவு பெரிய ஆளுக்கு அது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை என்று தெரிந்திருக்கு. எங்களுக்கு மென்பொருள் எழுதத் தேவையில்லை. இருக்கிறதைப் பழகினால் போதும்.

வேர்டில் ஆல்ட் விசையோடு சமக்குறியை அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். (1.1)^3 என்று அடித்து ஸ்பேஸ் தட்டினால் 3 தானாக மேலே ஏறும். தனி வரியில் இருந்தால் தானாக நடுவுக்கு வரும். வசனத்துக்குள் இருந்தால் வரிக்கு ஏற்ற மாதிரிச் சிறுக்கும். இலக்கமிட வேண்டுமா? புதிய வேர்டில் சமன்பாட்டின் கடைசியில் #(1) என்று அடித்து என்டர் பண்ணினால் இலக்கம் வலது ஓரத்துக்குப் போகும். பழைய வேர்ட் என்றால் கோடில்லாத மூன்று நிரல் அட்டவணை போடுங்க, நடுப்பெட்டியில் சமன்பாடு, வலதுபெட்டியில் இலக்கம். பின்னத்தின் தலை வெட்டுப்பட்டால் வரி இடைவெளியைப் பாருங்க, 'எக்ஸாக்ட்லி' என்று இருக்கும், அதை மாற்றுங்க. படம்தான் ஒட்ட வேண்டி வந்தால் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' வையுங்க. கடைக்குப் பிடிஎஃப் ஆகக் கொடுங்க. வந்த முதல் பிரதியை வாசிக்காமல் இரண்டாவதை எடுக்க விடாதீங்க.

பழக அரை மணித்தியாலம் போதும். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தை யாரும் எங்களுக்குத் தரவில்லை. ஃபோர்மட் பிழை என்று புள்ளி வெட்டுகிறவர்கள், எப்படிச் செய்வது என்று ஒரு நாளும் காட்டவில்லை. கொமினிகேஷனில் ரைப் பண்ணுகிற அக்காவுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கிறோம், சுட்டி என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்கிறோமா? பிழை வந்தால் மட்டும் அவவின் தலையில் கட்டுகிறோம்.

காசுள்ள வீட்டுப் பிள்ளை அச்சடித்த நல்ல புத்தகத்தில் அதே கணக்கைப் பார்த்துவிடும். எங்க வகுப்புக்கு வருகிற பிள்ளையிடம் இருக்கிறது அந்த ஒரு தாள் மட்டும்தான். அதில் இருப்பதை அது நம்பும். அதனால்தான் சொல்கிறோம்: சமன்பாட்டைச் சரியான இடத்தில் வைக்கத் தெரியாதவர்கள், வைக்கப் பழகும்வரை வினாத்தாள் கொடுக்கக் கூடாது. முதலில் நாங்க.

அந்தத் தங்கச்சிக்கு அன்றைக்கே புள்ளியைத் திருப்பிப் போட்டோம்.