மலாக்காவை நடந்து பார்ப்போம்

“மலாக்காவுக்குப் போயிருக்கிறாயா?” என்று கேட்டால் நம்மில் பலர் உடனே ‘ஆம்’ என்போம். சிவப்புக் கட்டடத்தின் முன் எடுத்த படம் திறன்பேசியில் இருக்கும். பூக்களால் அலங்கரித்த பெச்சா வண்டியில் ஏறிய நினைவும் இருக்கும். ஆனால், “அந்நகரில் என்ன கண்டாய்?” என்று கேட்டால் பதில் கூறத் தயங்குவோம். இதற்குக் காரணம் நேரமின்மை அன்று. திட்டமின்மையே என்பது என் கருத்து.

நான் ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தேன். படிவம் இரண்டில் படித்தபோது எங்களை மலாக்காவுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றனர். ஒரே நாளில் எட்டு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம். இறங்கினோம், படம் எடுத்தோம், மீண்டும் பேருந்தில் ஏறினோம். நாங்கள் நின்ற இடத்திலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் தமிழ் வணிகர் வழி வந்தவர்கள் எழுப்பிய பழமையான ஆலயம் ஒன்று இருந்தது. அதை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னர் நானே தேடிச் சென்று பார்த்தபோது மகிழ்ச்சியைவிட வருத்தமே மிகுந்தது.

மலாக்கா நகரம் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுனுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அன்றைய வணிக நகரத்தின் தெருக்கள் மனிதர் நடப்பதற்கும் மாட்டு வண்டி செல்வதற்கும் அமைந்தவை. இன்று அவற்றில் மகிழுந்துகள் வரிசை பிடித்து நிற்கின்றன. வார இறுதி மாலைகளில் ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை கூடும்போது நெரிசல் மேலும் பெருகுகிறது. வாகனம் நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரத்தைத் தொலைப்பவர்கள் பலர்.

ஆகவே, வாகனத்தைப் பழைய நகருக்கு வெளியே விட்டுவிடுவதே அறிவுடைமை. கோலாலம்பூரிலிருந்து வருவோர் பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்தில் விரைவுப் பேருந்து ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரலை அடையலாம். அங்கிருந்து நகரப் பேருந்திலோ வாடகை உந்திலோ டச்சுச் சதுக்கத்திற்கு வரலாம். அதன் பிறகு நம் கால்களே போதும்.

பாலத்தைக் கடந்து துக்காங் எமாஸ் சாலைக்குள் நுழையுங்கள். அங்கே 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் உள்ளது. மலாக்காச் செட்டிகள் எழுப்பிய இவ்வாலயம், நாட்டின் மிகப் பழைய இந்து ஆலயங்களுள் ஒன்று. அதே சாலையில் இந்திய முஸ்லிம் வணிகர்களின் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றுத் தள்ளித் தோக்கோங் சாலையில் செங் ஹூன் தெங் சீன ஆலயமும் இருக்கின்றன. மூன்று சமயங்களும் அண்டை வீட்டாராக வாழ்ந்த வரலாற்றை இந்தக் குறுகிய நடையில் கண்ணால் காணலாம். பேருந்துச் சன்னல் வழியாக இதைக் காண இயலாது.

அடுத்து, காஜா பெராங்கிலுள்ள செட்டி கிராமத்திற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, இங்கேயே தங்கிவிட்ட வணிகர்களின் வழித்தோன்றல்கள் செட்டி மக்கள். வீட்டில் பேசுவது மலாய், வணங்குவது மாரியம்மன், கொண்டாடுவது பொங்கல். மொழி மாறினாலும் மரபைக் காத்த அம்மக்களைப் பற்றித் தமிழ் பயிலும் நாம் அறியாமல் இருக்கலாமா?

“வெயில் கடுமையாக இருக்குமே, முதியோரையும் சிறுவரையும் எப்படி நடக்க வைப்பது?” எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குத்தான் திட்டம் வேண்டும். காலை எட்டு மணிக்கே நடையைத் தொடங்கலாம். நண்பகலில் அரும்பொருளகத்திற்குள் இருக்கலாம். ஆனால் அது வாரத்தில் எந்த நாள் மூடப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மாலையில் செயின்ட் பால் குன்றின்மேல் ஏறலாம். குடையும் நீர்ப்புட்டியும் உடன் இருக்கட்டும். எட்டு இடங்களுக்கு மாறாக நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்தால் முதியோரும் மெல்ல நடக்கலாம்.

போக்குவரத்தைப் பற்றிப் பேசும்போது சுற்றுலாப் பயணிகளை மட்டும் நினைப்பது போதாது. மலாக்கா நகருக்கு இன்று இரயில் இல்லை. மிக அருகிலுள்ள பூலாவ் செபாங் நிலையம் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஒரு காலத்தில் தம்பினிலிருந்து நகர்வரை இரயில் பாதை இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அது பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம்–பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டது. அதே பாதை அமைக்க மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். பலர் திரும்பவே இல்லை.

மலாயாவின் வணிக ரப்பர் பயிரீடு 1896இல் இம்மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில்தான் தொடங்கியது. அந்த ரப்பர்த் தொழிலில் உழைத்த மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் தோட்டங்களிலும் அவற்றையொட்டிய சிற்றூர்களிலும் வாழ்கின்றனர். சொந்த வாகனம் இல்லாத ஒரு பாட்டி, மருத்துவமனைக்குச் செல்லப் பெருஞ்சாலைச் சந்திப்புவரை நடந்து வந்து பேருந்துக்குக் காத்திருக்கிறார். சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்கும் பேருந்து வசதி அந்தப் பாட்டிக்கும் கிடைக்க வேண்டும். நாம் பொதுப் பேருந்தில் ஏறினால்தான் அவருடைய காத்திருப்பு நமக்குப் புரியும்.

“முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும்” என்பது பழமொழி. ஆண்டுதோறும் பழைய பயணப் பட்டியலையே பின்பற்றினால் அடுத்த தலைமுறையும் சிவப்புக் கட்டடத்தோடு திரும்பிவிடும். மாணவர்களே, அடுத்த சுற்றுலாவின் திட்டத்தை ஆசிரியரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். வரைபடத்தை விரித்து நீங்களே வழியைக் குறியுங்கள். எங்கே இறங்குவது, எவ்வளவு தூரம் நடப்பது, யாரிடம் பேசுவது என்று முடிவு செய்யுங்கள். படம் எடுப்பதற்கு முன் கதையைக் கேளுங்கள். அப்போது மலாக்கா நீங்கள் போய் வந்த ஊராக மட்டுமன்றி, நீங்கள் அறிந்த ஊராகவும் இருக்கும்.