அண்ணாவியார் தங்கிய ஊர்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும், எழுவான்கரையெனவும் படுவான்கரையெனவும் வழங்கும் ஊர்களிலே, வடமோடி தென்மோடிக் கூத்துகள் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருகின்றன. அரசர் ஆதரவோ பெருநிதியோ இன்றி இக்கலை நிலைபெற்றமைக்குக் காரணம் யாதென ஆராயுமிடத்து, அண்ணாவியார் ஊரிலே இருந்து பழக்கியமையே தலையாய காரணமென்பது எமது துணிபு.

தம்மூரில் அண்ணாவியார் இல்லாதவிடத்து ஊரார் அயலூரிலிருந்து அவரை அழைத்து, உண்டியும் உறையுளும் அளித்துப் போற்றுவர். சட்டங்கொடுத்தல் தொடங்கிச் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் பயிற்சி பல மாதங்கள் நடைபெறும். பகலில் வயலிலும் வாவியிலும் உழைத்தோர் இரவிலே தாளக்கட்டுப் பயில்வர். ஈற்றில் வட்டக்களரியிலே விடியவிடிய அரங்கேற்றம் நிகழும். கலைஞரைச் சிற்றூரில் தங்கவைத்து ஆதரிக்குந் திட்டங்களை இன்று மேல்நாட்டார் சிறப்பித்துப் பேசுகின்றனர். அதன் உட்பொருளை நம் முன்னோர் அறிந்திருந்தனர் அன்றோ?

இக்காலத்தில் ஒளிப்பதிவுக் கருவியும் ஒலிப்பதிவுக் கருவியும் கைக்கெட்டியுள்ளன. ஆயினும் அவற்றைக் கொண்டு வருவோர் பலர் ஒரு பகல் வந்து, படம் பிடித்து, மறுபகல் மறைகின்றனர். ஆடியவன் தன் ஆட்டத்தைக் காண்பதில்லை; ஊருக்கு ஒரு படியேனும் எஞ்சுவதில்லை. இதனைக் கலைத்தொண்டு என்றல் பொருந்துமா?

வேறு வழியும் உண்டு. 1967ஆம் ஆண்டிலே கனடாவின் தேசியத் திரைப்படச் சபையைச் சேர்ந்த கொலின் லோ என்பார், நியூபவுண்லாந்தைச் சார்ந்த போகோ தீவிற்குச் சென்றார். மீன்வளம் குன்றி, குடிபெயரும் நிலையிலிருந்த அம்மக்களைப் பேசவிட்டுப் படமெடுத்தார். எடுத்தவற்றை முதலில் அவர்களுக்கே காட்டினார். அவர்தம் இசைவு பெற்ற பின்னரே அரசினர்க்குக் காட்டினார். சிதறியிருந்த ஊரார் தம் குறையைத் தாமே கண்டு ஒன்றுகூடினர். கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தீவிலேயே நிலைத்தனர். கருவி ஒன்றே, அதனைக் கையாண்ட முறையே வேறு.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரிகள் உள. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனையிலே ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றிக் கூத்தின் பெருமையைக் கற்றோர் உணரச் செய்தார். கூத்து அன்று ஊரிலிருந்து பல்கலைக்கழகம் சென்றது. பின்னர்ச் சீலாமுனையிலே, கலாநிதி சி. ஜெயசங்கர் அவர்கள் ஊராரோடு கூடி நிகழ்த்திய கூத்து மீளுருவாக்கம், பல்கலைக்கழகத்தை ஊருக்குக் கொணர்ந்தது. இவ்விரண்டாம் பயணமே இனிப் பெருகவேண்டுவது.

பதிவுக்கருவி புகுந்தாற் கூத்தின் தூய்மை கெடுமென அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றும் வீணன்று; படத்தைப் பார்த்து ஆடுவது அண்ணாவியாரிடம் பயில்வதாகாது. ஆயினும் 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும், நீண்ட போரையும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் கண்ட மண் இது. வீடு அழியுங்கால் பெட்டியிலிருந்த கூத்துக்கொப்பியும் உடன் அழியும். அண்ணாவியார் மறையுங்கால் கொப்பியில் எழுதப்படாத தாளமும் ஆட்டமும் அவருடன் மறையும். ஆதலின் பதிவு வேண்டும். அது முறையறிந்த பதிவாதலும் வேண்டும்.

விழா மலரோடு மறைந்துவிடாத நற்பணியொன்றை நாடும் பழைய மாணவ அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. ஒளிப்பதிவு வல்ல இளங்கலைஞர் ஒருவரை, ஒரு கூத்துப் பழகி அரங்கேறும் காலம் முழுவதும், வாவிக்கரை ஊரொன்றிலே தங்கவைத்து ஆதரியுங்கள். அவர் அண்ணாவியாரின் அருகிருந்து கற்கட்டும். ஊர் இளைஞர் கையிலும் கருவியைக் கொடுத்துப் பழக்கட்டும். பதிவின் முதற்படி ஊர்ப் பாடசாலைக்கு உரியதாகட்டும். ஊராரின் இசைவின்றி அது வெளியேறாதிருக்கட்டும். நம் மாணவர் இருவர் மூவர் விடுமுறையில் அவருக்குத் துணைநிற்பாராயின், வகுப்பறையிலே யாம் நாடகத்தமிழ் பற்றிப் பல நாள் உரைப்பதினும் மிகுதியாக அவர் கற்பர்.

ஓர் அண்ணாவியாரை ஊட்டிக் காக்கச் சிற்றூரின் ஏழைமக்களால் இயன்றது. கற்று உயர்ந்து பல நாடுகளிலும் வாழும் நம் பழைய மாணவரால் இஃது இயலாதென்றல் பொருந்தாது.