பாட்டிக்காக ஓர் இரவு

உல்லாசப் பயணம் என்றதும் எங்கே போகலாம், என்னென்ன பார்க்கலாம் என்றே நாம் திட்டமிடுகிறோம். உடன் வருபவர்களுள் மிகவும் இயலாதவர் யார் என்றே முதலில் எண்ண வேண்டும் என்பது என் கருத்து.

என் பாட்டி இப்போது அமெரிக்காவில், டென்வர் நகரில், சித்தப்பா வீட்டில் இருக்கிறார். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைந்த கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்து, ஜூலை மாதத்தில் லெட்வில் என்னும் மலையூரில் மூன்று நாள் தங்கப் போகிறார்கள். டென்வரின் உயரம் 5,280 அடி. சுமார் 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லெட்வில்லோ 10,000 அடிக்கும் மேல்! "காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாடு அங்கே" என்றார் சித்தப்பா.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் அதற்கேற்பக் குறையும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை யாருக்கும் வரலாம். தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிப்பதால் சோறு வேக நேரமாகும். இரவில் கடுங்குளிர். அதற்காக மூடிய வண்டிக்குள் அடுப்பெரித்துக் குளிர்காய்ந்தால் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறித்துவிடும்.

இவையெல்லாம் சித்தப்பாவுக்குத் தெரியும். பிரஷர் குக்கரும் கம்பளிகளும் பட்டியலில் இருந்தன. பாட்டிக்காக ஓர் இரவுதான் இல்லை. வழியில் சுமார் 7,500 அடி உயரத்தில் ஐடஹோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் உள்ளது. அங்கே ஓரிரவு உறங்கிச் சென்றால் உடல் சிறிது பழகுமே என்றேன்.

"முடியாவிட்டால் பாட்டியே சொல்வார்களே" என்றார் சித்தப்பா.

பாட்டியிடமே தொலைபேசியில் கேட்டேன். "மூச்சு வாங்குதுன்னு நான் சொன்னா பிள்ளைங்க சந்தோஷம் கெட்டுப்போகுமே, கண்ணு" என்றார்.

தோழியரே, நம் வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான். அவர்கள் வாய்திறந்து சொல்லட்டும் என்று காத்திருப்பது நியாயமா? முன்னதாக மருத்துவரைப் பார்ப்பது, வழியில் ஓரிரவு தங்குவது, முதல் நாள் ஓய்வெடுப்பது, உடல்நலம் மோசமானால் உடனே கீழே இறங்குவது ஆகிய நான்கையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். அப்போது பாட்டி யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியிராது.

ஒரு நாள் குறைந்தால் மலை எங்கும் போய்விடாது. பாட்டியும் நம்மோடு சிரித்துக்கொண்டே திரும்பி வந்தால்தான் அது உல்லாசப் பயணம்.

– பத்தாம் வகுப்பு மாணவி