"கெமிக்கல் இல்லை" என்ற ஒரே வார்த்தையை நம்பி உதட்டைப் புண்ணாக்கிக்காதீங்க

லிப் பாம் பற்றி ஒரு நீண்ட த்ரெட். வயசுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கட்டாயம் படிங்க. "லிப் பாம்னா பொம்பளப் பிள்ளைங்க சமாச்சாரம்"னு ஆண்கள் தாண்டிப் போயிராதீங்க. 13-வது பதிவு உங்களுக்குத்தான்.

1/
சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்தாள். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தாள். எடுக்கச் சொன்னேன். இரண்டு உதடும் வீங்கி, தோல் உரிந்து, வாயைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது. மூணு வாரமாகக் குழம்பு பட்டாலே எரிச்சல். மோர்ச்சோறுதான் சாப்பாடு. கல்லூரிக்கும் போகவில்லை.

2/
"உதட்டுக்கு என்னம்மா போட்ட?" என்று கேட்டதும், அம்மா பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தார். ஆன்லைனில் வாங்கியது. மேலே பச்சை இலைப் படம், "100% இயற்கை, கெமிக்கல் இல்லை" என்ற வாசகம். "கெமிக்கலே கிடையாதுன்னு போட்டிருந்தாவ டாக்டர், அதான நம்பி வாங்குனோம்" என்றார். எரிகிறது என்று விற்றவரிடம் கேட்டதற்கு, "நச்சு வெளியேறுது, தொடர்ந்து போடுங்க" என்று பதில் வந்திருக்கிறது. பிள்ளை இன்னும் கூடுதலாகப் போட்டிருக்கிறாள்.

எரிச்சல் என்றால் நச்சு வெளியேறுவது இல்லைங்க. தோல் வெந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

3/
டப்பாவில் என்ன இருந்தது? தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய், பட்டை எண்ணெய், எலுமிச்சை எண்ணெய், புதினா எண்ணெய். அத்தனையும் இயற்கைதான், லேபிளில் பொய் இல்லை. ஆனால் பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடு, தோல் ஒவ்வாமைக்குப் பேர்போன பொருள். எலுமிச்சையில் உள்ள லிமோனீன் காற்றுப் பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமை உண்டாக்கும் பொருளாக மாறும்.

ஐரோப்பிய ஒன்றியம் 26 வாசனைப் பொருள்களை லேபிளில் பெயர் சொல்லிப் போட வேண்டும் என்று 2003-லேயே சட்டம் போட்டது. 2023-ல் அந்தப் பட்டியல் 80-ஐத் தாண்டிவிட்டது. அதில் பல நம் அடுப்படியில் இருக்கும் செடி, பட்டை, பூக்களிலிருந்து வருபவை.

4/
இது ஏதோ கையால் செய்தவர் தெரியாமல் செய்த தப்பு என்று நினைக்காதீங்க. அமெரிக்காவில் இஓஎஸ் என்ற உருண்டை வடிவ லிப் பாம் உண்டு. பெட்ரோலியம் இல்லாதது, ஆர்கானிக், இயற்கையானது என்று சொல்லித்தான் உலகம் முழுக்க விற்றார்கள். உதடு வெடித்துக் கொப்புளம் வந்தது என்று 2016 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் "எங்கள் பொருள் பாதுகாப்பானதே" என்றது, பிறகு சமரசத்தில் முடிந்தது. யார் சொன்னது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் வரலை. "இயற்கை" என்று எழுதினாலே ஒவ்வாமை வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதுதான் விஷயம்.

5/
இந்த இடத்தில் சிலருக்குக் கோபம் வரும். "அலோபதி டாக்டர் அப்படித்தான் பேசுவார், கம்பெனிக்கு ஜால்ரா" என்று கமென்ட் வரும். பொறுங்க. நானும் இயற்கைக் கட்சிதான். எங்க பாட்டி படுக்கப் போகும் முன் உதட்டில் நெய் தடவுவாள். அதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் கிடையாது. ஆனால் பாட்டி அந்த நெய்யில் பட்டை எண்ணெயும் புதினா எண்ணெயும் ஊற்றவில்லை. அதுதான் வித்தியாசம்.

6/
முதலில் உதடு ஏன் வெடிக்குது என்று தெரிஞ்சுக்கோங்க. முகத்தோலில் இருக்கிற அளவுக்கு எண்ணெய்ச் சுரப்பிகள் உதட்டில் கிடையாது. மேல்தோலும் ரொம்ப மெல்லிசு. ஈரம் சீக்கிரம் போய்விடும். நம்ம பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றைச் சொல்லவே வேண்டாம். தேரி மணலைத் தூக்கி முகத்தில் வீசும். அதோடு வெயில்.

உதடு காய்ந்ததும் நாக்கால் நனைப்போம். எச்சில் ஆவியாகப் போகும்போது இருக்கிற ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். எச்சிலில் உள்ள செரிமான நொதிகள் வேறு தோலை அரிக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாயைச் சுற்றி வட்டமாகக் கறுத்திருந்தால் பாதி நேரம் இந்தப் பழக்கம்தான்.

7/
ஆக, லிப் பாமின் வேலை ஒன்றே ஒன்றுதான்: இருக்கிற ஈரம் போகாமல் மூடி போடுவது. மூடிக்கு மணம் எதுக்கு? இனிப்பு எதுக்கு? ஸ்ட்ராபெர்ரி ருசி இருந்தால் பிள்ளை நக்கத்தான் செய்யும், நக்கினால் இன்னும் காயும். மென்தாலும் கற்பூரமும் "ஜில்"லென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் தோலை எரிச்சல் படுத்தும், உடனே மறுபடி போடத் தோணும். போடப் போடக் காயும், காயக் காயப் போடுவோம். டப்பா மட்டும் சீக்கிரம் தீரும். லாபம் யாருக்கு?

8/
"அப்போ வாஸ்லின் மாதிரி பெட்ரோலியம் ஜெல்லி? அது பெட்ரோல் ஆச்சே, புற்றுநோய் வராதா?"

அடிக்கடி வரும் கேள்வி. கச்சா எண்ணெயிலிருந்து வருவது உண்மைதான். சரியாகச் சுத்திகரிக்காத சரக்கில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் மிச்சம் இருக்கலாம் என்பதும் உண்மை. அதனால்தான் மருந்துத் தரத்துக்குச் சுத்தப்படுத்தியதைக் கேட்டு வாங்கச் சொல்கிறோம். மருந்துக் கடையில் "ஒயிட் சாஃப்ட் பாரஃபின் ஐ.பி." என்று கேளுங்க. ஐ.பி. என்றால் இந்திய மருந்துத் தர நூலின்படி செய்தது. மணம் கிடையாது, நிறம் கிடையாது, ஒவ்வாமை மிக மிக அபூர்வம். விலையும் கம்மி. இதை யாரும் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்வதில்லை, ஏன்னா இதில் பெரிய லாபம் கிடையாது.

பெட்ரோலியம் வேண்டவே வேண்டாம் என்றால் அதுவும் உங்கள் விருப்பம். செக்கு தேங்காய் எண்ணெய், வீட்டு நெய் போதும். இதைச் சொன்னதில் எந்தக் கம்பெனிக்கு ஜால்ரா அடித்தேன் என்று நீங்களே சொல்லுங்க.

9/
"பாரபென்?" இதையும் வைத்து நிறைய பயமுறுத்துகிறார்கள். பாரபென் குடும்பத்தில் சிலவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் தடை செய்தது. மெத்தில், எத்தில் பாரபென்களைக் குறிப்பிட்ட அளவுக்குள் இன்றும் அனுமதிக்கிறது. தோல் ஒவ்வாமையைப் பொறுத்தவரை அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் 2019-ல் பாரபென்னை "ஒவ்வாமை தராத பொருள்" என்றே அறிவித்தது. பாரபென் பிடிக்கலையா, தவிருங்க, தப்பில்லை. ஆனால் பாரபென்னுக்குப் பயந்து பட்டை எண்ணெயிடம் போகாதீங்க. பேய்க்குப் பயந்து பிசாசுக்கு வாக்கப்பட்ட கதை.

10/
உண்மையில் பயப்பட வேண்டியது எதுக்கு? நிறத்துக்கும், ஊர் பேர் இல்லாத டப்பாவுக்கும்.

டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் வெளியிட்ட பரிசோதனையில் 30 லிப்ஸ்டிக்குகளில் 15-ல் குரோமியம், 13-ல் நிக்கல் இருந்தது. நிக்கல், கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறதே, அதே ஒவ்வாமைப் பொருள். எல்லாரும் பயப்படும் ஈயம் அந்த 30-ல் கிடைக்கவில்லை. "தங்க மோதிரத்தால் உரசிக் கறுத்தால் ஈயம்" என்று வாட்ஸ்அப்பில் வருவது சுத்தப் பொய். ஈயத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேணும், மோதிரம் போதாது. கலர் லிப் பாம் தினமும் வேண்டாம் என்பதற்கு நிக்கல் ஒன்றே போதுமான காரணம்.

11/
ஊர் பேர் இல்லாத டப்பா எங்கே கொண்டுபோய் விடும்? கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனை மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே ரகம். அந்த 15-ல் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் போட்டவர்கள். குற்றவாளி, கிரீமில் இருந்த பாதரசம். தோலில் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கியது. அந்த ஆண்டே கேரள அரசு "ஆபரேஷன் சௌந்தர்யா" என்று இறங்கி, உரிமமும் சரியான லேபிளும் இல்லாத அழகுப் பொருள்களைப் பறிமுதல் செய்தது.

முகத்தில் பூசியதுக்கே இந்தக் கதி. உதட்டில் பூசுவதில் ஒரு பங்கை நாம் தின்றே விடுகிறோம்.

12/
அதனால் டப்பாவைத் திருப்பிப் பாருங்க. 2020-ம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளின்படி தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் எண், தயாரிப்பு உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், என்னென்ன கலந்திருக்கிறது எல்லாம் இருக்கணும். வீட்டில் செய்து விற்பவருக்கும் இதே சட்டம்தான். உரிம எண் எங்கே என்று கேளுங்க. "இயற்கைக்கு எதுக்கு உரிமம்?" என்று பதில் வந்தால், டப்பாவைத் திருப்பிக் கொடுத்துட்டு வாங்க.

13/
இப்போ ஆண்களுக்கு. பனை ஏறுகிற அண்ணன்மார், மணப்பாட்டில் கடலுக்குப் போகிறவர்கள், கட்டட வேலை, வயல் வேலை பார்க்கிறவர்கள் கவனிங்க. கீழுதடுதான் வெயிலை நேராக வாங்கும். வருஷக்கணக்கில் வெயில் பட்டால் கீழுதடு வெளிறி, செதில் செதிலாகி, உதட்டுக்கும் தோலுக்கும் நடுவில் உள்ள கோடு மங்கும். அதோடு பீடியும் சேர்ந்தால்? சூரிய வெயில், புகையிலை இரண்டையுமே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பட்டியலில் வைத்திருக்கிறது.

தேங்காய் எண்ணெயோ நெய்யோ வெயிலைத் தடுக்காது. தொப்பி, தலைப்பாகை, முடிந்தால் எஸ்.பி.எஃப். 30 உள்ள மணமில்லாத லிப் பாம்.

உதட்டில் ஒரு புண்ணோ தடிப்போ மூணு வாரத்துக்கு மேல் ஆறவில்லையா? எந்த பாமும் தடவிக்கிட்டு இருக்காதீங்க. நேரா அரசு மருத்துவமனைக்குப் போங்க. ஆரம்பத்தில் பிடித்தால் சின்ன அறுவையில் முடியும். "எண்ணெய் போட்டா சரியாயிரும்" என்று ஆறு மாசம் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு விட்டுப்போகுது.

14/
லிப் பாமால் தீராத வேறு சிலதும் இருக்கு.

வாயோரம் இரண்டு பக்கமும் வெடிக்குதா? "உடம்பு சூடு" என்று விடாதீங்க. ரத்தசோகை, பி வைட்டமின் குறைவு, சர்க்கரை, பூஞ்சைத் தொற்று எதுவும் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்க. பள்ளியில் வாரம் ஒருநாள் தரும் நீல இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குதா, வீசுதா என்றும் கேளுங்க.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அநேகமாக எல்லோருக்குமே உதடு காயும். டாக்டர் எழுதாமல் அதை வாங்கிச் சாப்பிடவே கூடாது. கர்ப்பமானால் குழந்தைக்குப் பெரிய ஆபத்து.

பட்டை, புதினா மணமுள்ள பேஸ்ட்டாலும் உதடு உரியும்.

15/
இன்னும் இரண்டு "இயற்கை" எச்சரிக்கை.

எலுமிச்சைச் சாற்றை உதட்டில் தேய்த்தால் சிவக்கும் என்று வீடியோ போடுகிறார்கள். தேய்த்துவிட்டு நம்ம ஊர் வெயிலில் போனால் கொப்புளித்துக் கறுக்கும். அந்தக் கறுப்பு போக மாசக்கணக்கில் ஆகும்.

ஒரு வயசுக்குள் உள்ள குழந்தையின் உதட்டில் தேன் தடவாதீங்க, நாக்கில் சேனையாகவும் வைக்காதீங்க. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். நல்ல தேன், மலைத்தேன் என்ற பேச்சே கிடையாது.

16/
சுருக்கமாக, எழுதி வச்சுக்கோங்க.

மணம், ருசி, ஜில்லிப்பு, நிறம் நாலும் இல்லாதது நல்ல லிப் பாம்.
கலந்த பொருள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.
புதுசு எதுவானாலும் முழங்கை மடிப்பில் தினம் இரண்டு வேளை ஒரு வாரம் தடவிப் பாருங்க. அரிப்பு, சிவப்பு இல்லை என்றால் மட்டும் உதட்டுக்கு.
எரிஞ்சா அன்னிக்கே நிறுத்துங்க.
ஒரே டப்பாவை வீடே பயன்படுத்தாதீங்க, அக்கி பரவும்.

17/
அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தேன்? டப்பாவைக் குப்பையில் போடச் சொன்னேன். பேஸ்ட்டை மாற்றினேன். சில நாளைக்கு மட்டும் ஒரு மிதமான மருந்துக் களிம்பு, மற்றபடி வெறும் ஒயிட் சாஃப்ட் பாரஃபின். இரண்டு வாரம் கழித்து வந்தபோது துப்பட்டா தோளில் இருந்தது. அம்மாதான் கேட்டார், "இனிமே வீட்டு நெய்யவே போட்டுக்கிடலாமா டாக்டர்?"

தாராளமா போடுங்கம்மா. அதில் எதையும் கலக்காதீங்க, அவ்வளவுதான்.

பயத்தை விற்பவரிடம் காசைக் கொடுக்காதீங்க. காலேஜ் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இதை அனுப்புங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, ஓ.பி. முடிந்ததும் பதில் சொல்றேன்.