பழைய காரும் மறைந்திருக்கும் பழுதும்

வாசக அன்பர் ஒருவர் இருவினாக்களை நமக்கு அனுப்பியுள்ளார். அவர் இல்லத்தில் 1999-இல் வாங்கிய மாருதி 800 கார் ஒன்று இருக்கிறது. அதனைத் தம் பங்கின் உபதேசியாருக்கு விற்பதெனப் பேசி முடித்துவிட்டார். இதற்கிடையில் வண்டியைப் பார்த்த மெக்கானிக், டைமிங் பெல்ட் இதுநாள்வரை மாற்றப்பட்டதாகத் தெரியவில்லையே என்று கூறிவிட்டாராம். "நன்றாக ஓடும் வண்டியைத் திறந்து பார்ப்பானேன்? வாங்குகிறவரிடம் இதனைச் சொல்லியே ஆக வேண்டுமா?" என்பன அன்பரின் வினாக்கள்.

இரண்டாவதற்கு மறுமொழி முதலாவதைப் பொறுத்தது. ஆதலின் முதலில் எஞ்சினுக்குள் சற்று நோக்குவோம்.

பிஸ்டன்கள் ஏறி இறங்குவதால் கிராங்க் தண்டு சுழல்கிறது. காற்றும் பெட்ரோலும் உட்புகவும் எரிந்த புகை வெளியேறவும் வால்வுகளைத் திறந்து மூட விடுவது கேம் தண்டு. கிராங்க் இருமுறை சுற்றுவதற்குள் கேம் ஒரே ஒருமுறை சுற்ற வேண்டும். அதுவும் பல் பிசகாமல் சுற்ற வேண்டும். இவ்விரு தண்டுகளையும் பிணைத்து வைப்பதே டைமிங் செயின் அல்லது டைமிங் பெல்ட்.

பிரீமியர் பத்மினி போன்ற முந்தைய வண்டிகளில் இரும்புச் செயின் உண்டு. அது எண்ணெயில் நனைந்தபடி ஓடுவது. எண்ணெயை மாற்றாமல் அழுக்கேற விட்டால் விரைவில் தேய்வது. செயின் நீண்டுவிட்டது என்று நாம் சொல்லுகிறோம். உண்மையில் இரும்பு நீளுவதில்லை. கண்ணிகளின் ஊசிகளும் துளைகளும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடைவெளி சேர்ந்து, முழுச் செயினும் தளர்ந்துவிடுகிறது. இதனைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் சிறிது முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். கிராங்க் அசைந்தும் ரோட்டர் உடனே அசையாது தயங்குமாயின், அத்தயக்கத்தின் பெரும்பங்கு செயினின் தளர்ச்சியே. அப்போது செயினை மட்டும் மாற்றுதல் போதாது. பற்கள் கொக்கிபோல் வளைந்த பழைய சக்கரங்கள் புதுச் செயினையும் தின்றுவிடும். ஆயினும் செயினிடம் ஒரு நற்குணம் உண்டு: காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் எஞ்சினின் முன்பக்கம் சலசலவென்று ஒலித்து நம்மை எச்சரிக்கும்.

பெல்ட்டுக்கு அக்குணம் இல்லை. 1983 டிசம்பர் முதல் 2014 சனவரி வரை உற்பத்தியான மாருதி 800-இல், 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினில், நாரிழை பொதிந்த பற்களுடைய ரப்பர் பெல்ட்டே கேமைச் சுழற்றுகிறது. அது மௌனமாக ஓடி, பெரும்பாலும் மௌனமாகவே அறும். அறுந்த கணமே எஞ்சின் நின்றுவிடும். சில எஞ்சின்களில் திறந்து நிற்கும் வால்வின்மேல் பிஸ்டன் மோதி இரண்டும் பாழாகும். வேறு சிலவற்றில் அத்தகைய சேதமில்லை. ஆனால் செப்டம்பர்த் திருவிழாவிற்கு வேளாங்கண்ணி நோக்கிக் குடும்பத்தோடு செல்கையில், நள்ளிரவில், பின்னால் லாரி வர, நடுச்சாலையில் வண்டி நின்றுவிட்டால் அந்த வேறுபாடு யாருக்கு ஆறுதல் தரும்?

எனவே "நன்றாக ஓடுகிறதே" என்பது இங்கே சான்றாகாது. எஞ்சின் குளிர்ந்தபின் பாட்டரி இணைப்பைக் கழற்றி, பெல்ட்டின் மேலுறையை அகற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பற்களின் அடியில் வெடிப்பு, ஓரங்களில் நூல் பிரிதல், முதுகில் கண்ணாடிபோன்ற பளபளப்பு, எண்ணெய்க் கறை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மாற்ற வேண்டியதே. எண்ணெய்க் கறை இருந்தால் அது வந்த வழியையும் தேடுக. கேம் அல்லது கிராங்க் ஆயில் சீல் கசிகையில் புது பெல்ட் மட்டும் போடுவது, ஒழுகும் கூரையின் கீழ்ப் புதுப்பாய் விரிப்பதாகும். ஒன்றும் தென்படாவிட்டாலோ? அப்போதும் நிம்மதிக்கு இடமில்லை. ரப்பர் ஓடாமலிருந்தாலும் முதுமை அடையும். கோவிலுக்கும் மருத்துவமனைக்கும் மட்டும் ஓடிய வண்டி என்று கிலோமீட்டரை மட்டும் எண்ணுதல் தவறு. ஆண்டுகளையும் எண்ண வேண்டும். மாற்றிய தேதி தெரியாத பெல்ட் மாற்றப்படாத பெல்ட்டே என்று கொள்வதுதான் என் கருத்து.

மாற்றும்போது டென்ஷனரைக் கையால் சுற்றிப் பார்க்கட்டும். கரகரத்தாலோ ஆடினாலோ அதனையும் மாற்றுக. பழைய பெல்ட்டை எடுக்கும் முன்னரே இரு சக்கரங்களின் குறிகளும் தத்தம் இடத்தில் நிற்கும்படி செய்தல் வேண்டும். புதியதை மடிக்கவோ முறுக்கவோ கூடாது, எண்ணெய் படக்கூடாது. பூட்டியபின் ஸ்டார்ட்டரைத் தொடாமல், எஞ்சின் சுழலும் திசையிலேயே கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச்சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா என்று காண வேண்டும். இடையில் எங்கேனும் தடுத்தால் வலிந்து சுற்றலாகாது. இந்த இரண்டு சுற்றையும் அவசரத்தில் விட்டுவிடுவோர் உண்டு. அருகில் நின்று பார்ப்பது குற்றமன்று. பெல்ட் சிறிது, கூலி பெரிது என்று முணுமுணுப்பவர்களும் உண்டு. நாம் கொடுப்பது ரப்பருக்கான விலையன்று. அரை நாள் குனிந்து நின்ற முதுகுக்கான ஊதியம்.

இனி இரண்டாம் வினா. புனித தோமா அக்குவினாஸ் தமது இறையியல் தொகுப்பில், விற்கும் பொருளின் குறையை விற்பவர் வெளியிடக் கடமைப்பட்டவரா என்று இதையே கேட்டு ஆராய்கிறார். அவர் காலத்தில் கார் ஏது? நொண்டிக் குதிரையையும் இடிந்து விழும் வீட்டையும் எடுத்துக்காட்டுகிறார். ஒற்றைக்கண் குதிரைபோலக் குறை வெளிப்படையாய்த் தெரிந்து, விலையும் அதற்கேற்பக் குறைக்கப்பட்டிருந்தால் வாய்திறவாதிருக்கலாம். குறை மறைவாயிருந்து வாங்குபவருக்கு ஆபத்தோ நட்டமோ விளைவிக்குமானால் சொல்லியே தீர வேண்டும் என்பது அவர் முடிவு. உறைக்குள் ஒளிந்திருக்கும் பெல்ட்டைவிட மறைவான குறை வேறென்ன? மெக்கானிக் சொன்ன பின்னர், தெரியாது என்னும் சாக்கும் அன்பருக்கு இல்லை. ஏழாம் கட்டளை பணப்பெட்டிக்கு மட்டும் உரியதன்று.

ஆகவே அவர் முன் இரு வழிகள் உள்ளன. மாற்றிவிட்டு ரசீதோடு விற்கலாம். அல்லது உள்ளதைச் சொல்லி, மாற்றும் செலவை விலையில் கழித்து, மாற்றும்வரை தொலைதூரம் ஓட்ட வேண்டாம் என்று கூறலாம். உபதேசியார் ஒருவரின் மாதச் சம்பளம் இன்னதென்று அறிந்த நான் முதல் வழியையே சொல்வேன். மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு தாளில் எழுதி, பானெட்டின் உட்புறம் ஒட்டிவிடச் சொல்லுங்கள். அவரிடமிருந்து வண்டியை வாங்கப்போகிறவருக்கும் அது உதவும்.